ஹட்டனில் விசைப்பலகை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நோர்வூட்டில் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்கிறேன். தோட்டத்து மக்களின் சேமலாப நிதிக் கடிதங்கள், பாடசாலை வினாத்தாள்கள் என்று நாள் முழுக்க விரல்கள் விசைப்பலகையில்தான் இருக்கும். பல வருடம் உழைத்த பழைய பலகை ஓய்ந்துபோனதால், சென்ற மாதம் ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன்.

“இது மெக்கானிக்கல் அக்கா. ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறது, பயமில்லாமல் கொண்டுபோங்கள்” என்றார் கடையில் நின்ற தம்பி. சுட்டியும் சேர்த்து 8,500 ரூபாய். எனக்கு அது பல நாள் வேலைக்கூலி. பெட்டி புத்தம் புதிதாக இருந்தது. மழை இறங்கிக்கொண்டிருந்ததால் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் புள்ளி விழவில்லை. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடிப்பவர்களுக்குத் தெரியும், ஆங்கில அரைப்புள்ளி இருக்கும் விசைதான் நமக்கு மெய்யெழுத்தின் புள்ளி. “அம்மா” என்று அடித்தால் “அமமா” என்று வருகிறது. மறுநாள் காலை ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய வினாத்தாள் பாதியில் நிற்கிறது. விசையைக் குத்திக் குத்தி விரல்தான் நொந்தது.

டார்ச் வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்துப் பார்த்தேன். மற்ற விசைகள் மங்கலாகச் சொரசொரத்திருக்க, அரைப்புள்ளி விசையும் அதன் அக்கம்பக்கமும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கின. மூன்று வாரத்தில் என் விரல் அப்படித் தேய்த்திருக்க முடியாது. ஆங்கிலம் அடிப்பவர் அந்த விசையைத் தொடுவதே அபூர்வம். என்னைப் போல் தமிழ் அடிக்கும் ஒருவர் வருடக்கணக்காக உழைத்துக் கழித்த பலகையைத்தான் துடைத்து, புதுப் பெட்டியில் போட்டு என்னிடம் விற்றிருக்கிறார்கள். சுட்டியைத் திருப்பினேன். அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் துண்டுகள் தேய்ந்து, ஓரமெல்லாம் கறுத்த அழுக்கு.

மெக்கானிக்கல் என்று சொன்னதும்கூடப் பொய். விசையின் மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே ரப்பர்க் குமிழ். மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் இருக்கும். ரப்பர்க் குமிழ் வகையில் குமிழ் அமுங்கி, கீழே இருக்கும் பிளாஸ்டிக் தாள்களின் மின்தடங்களை ஒன்றோடொன்று தொடச் செய்கிறது. அந்த வகையும் நன்றாக உழைக்கும், அதில் குறையில்லை. ஆனால் அதை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்க வேண்டும்.

திரும்பக் கொண்டுபோனபோது முதலாளி கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “ஈரம் போயிருக்கிறது தங்கச்சி. ஈரத்துக்கு உத்தரவாதம் இல்லை.” மூடுபனி அடுக்களைவரை வந்து போகிற ஊர் இது. அதையே சாட்டாகச் சொன்னால் மலைநாட்டில் எந்தப் பொருளுக்கு உத்தரவாதம் மிஞ்சும்? பற்றுச்சீட்டிலும் “கீபோர்ட் 1” என்று மட்டும் எழுதியிருந்தது. மாதிரிப் பெயரும் இல்லை, தொடர் எண்ணும் இல்லை.

தயவுசெய்து கடையிலேயே கணினியில் செருகச் சொல்லுங்கள். நோட்பேடைத் திறந்து ஒரு விசை விடாமல் அடித்துப் பாருங்கள், புள்ளியை இருபது தடவை அடியுங்கள். பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்து மினுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கல் என்றால் ஒரு மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பலகையின் அடியில் உள்ள தொடர் எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. வாங்கி 3 மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். நான் கடிதத்தை எழுதிவிட்டேன், பக்கத்து வீட்டுத் தம்பியின் பலகையை இரவல் வாங்கி அடித்தேன். மினுங்கும் அந்த விசையைப் படமெடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியோடு திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்களில் யாருக்காவது இதேபோல் நடந்திருந்தால் பெட்டியையும் பற்றுச்சீட்டையும் வீசிவிடாதீர்கள்.