கேட்டர்ஸ்கின் சைக்கிள் டயர்: 14 மாதம், 2 பஞ்சர்

கோவளம் தாண்டி அரை கிலோமீட்டர் போயிருப்பேன். காலை ஐந்தேகால் மணி. பின் சக்கரம் கனக்க ஆரம்பித்தது, அப்புறம் ரிம் தரையில் தட்டும் சத்தம். அன்றைக்கு அது இரண்டாவது பஞ்சர். கையில் இருந்த ஒரே மாற்று டியூபை, வழியில் அக்கரை என்ற ஊரில் வந்த முதல் பஞ்சருக்கே போட்டுவிட்டேன். ஈசிஆரில் (சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை) அந்த நேரத்தில் தண்ணீர் லாரியும் பாண்டிச்சேரி பஸ்ஸும்தான் போகும். டீக்கடை வெளிச்சம் தெரிந்த இடம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். தம்பி வண்டி எடுத்துக்கொண்டு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தனியாக இருட்டில் கிளம்புவதைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் என் சனிக்கிழமை சவாரி நின்றுவிடும் என்று உண்மையிலேயே பயந்தேன்.

மறுநாள் இரண்டு டியூபையும் டயரையும் திருவான்மியூரில் நான் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்தார். இரண்டிலும் வால்விலிருந்து ஒரே தூரத்தில், ஊசி குத்தியது மாதிரி ஓட்டை.

"மேடம், டியூபை மாத்திட்டீங்க சரி. குத்துனது இன்னும் டயர்லதானே இருக்கு?"

கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க ஓட்டினார். ஒரு இடத்தில் பஞ்சு சிக்கி நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். அரிசியில் பாதி நீளம்கூட இல்லாத ஒரு கம்பித் துண்டு. லாரி, பஸ் ரேடியல் டயர்களுக்குள் எஃகுக் கம்பி வைத்திருப்பார்கள். அந்த டயர் வெடித்தாலோ தேய்ந்து பிய்ந்தாலோ கம்பி நூல் நூலாகச் சாலை ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும். சைக்கிள்காரர்கள் போவதும் அதே ஓரத்தில்தான்.

அதற்குப் பிறகு ஒரு பழைய டைரியில் ஒவ்வொரு பஞ்சரையும் எழுத ஆரம்பித்தேன். முந்தையவற்றில் நினைவில் இருந்ததையும் சேர்த்தேன். எல்லாம் சேர்த்து ஏழு மாதத்தில் மொத்தம் 11. கம்பி 5, கண்ணாடி 1, சீமைக்கருவேல முள் 1. மீதி நாலு வேறு கதை. இரண்டு "பாம்புக்கடி": காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இறங்கினால் டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு விழும். இன்னும் இரண்டில் ஓட்டை டியூபின் உள்பக்கம், அதாவது ரிம் பக்கம் இருந்தது. ரிம்முக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் டேப் நகர்ந்துபோய், ஸ்போக்ஸ் கம்பி மாட்டும் துளையின் விளிம்பு டியூபை அறுத்திருக்கிறது. ஆக, டயரால் தடுக்க முடிந்தது ஏழு. அந்த நாலும் எவ்வளவு விலை கொடுத்து டயர் வாங்கிப் போட்டிருந்தாலும் வந்திருக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "எந்த டயர் வாங்கினா பஞ்சர் ஆகாது?" என்று எங்கள் சைக்கிள் குழுவில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். டியூபைக் கழற்றி, ஓட்டை எந்தப் பக்கம், எத்தனை, எப்படிப்பட்டது என்று பார்க்காமல் டயர் வாங்காதீர்கள். டயரில் கம்பெனி பெயர் எழுதியிருக்கும் இடமும் வால்வும் நேராக இருக்கும்படி மாட்டுங்கள். டியூபில் ஓட்டை கிடைத்ததும் டயரில் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ரிம் டேப்பைத் துணி டேப்பாக மாற்றினேன். நூற்றுச் சொச்ச ரூபாய் வேலை. அதோடு அந்தப் பஞ்சர் நின்றது. மீட்டர் வைத்த தரை பம்ப் ஒன்று வாங்கினேன். அதுவரை கட்டை விரலால் அழுத்திப் பார்த்து "போதும்" என்று கிளம்பிக்கொண்டிருந்தேன். மெல்லிய ரோடு சைக்கிள் டயரில் 60 பிஎஸ்ஐயும் (காற்றழுத்த அளவு) 90 பிஎஸ்ஐயும் விரலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூபிலேயே ஒரு வாரத்தில் காற்று நன்றாக இறங்கிவிடும். இப்போது ஒவ்வொரு சவாரிக்கு முன்பும் அடிக்கிறேன். பாம்புக்கடி அதன்பின் ஒன்றுகூட இல்லை.

மீதி ஏழுக்குத்தான் டயர். சைக்கிளோடு வந்தது 25 மில்லிமீட்டர் அகல டயர், பந்தயத்துக்கானது, உள்ளே தடுப்பு எதுவும் கிடையாது. அதற்குப் பதில் கான்டினென்டல் கம்பெனியின் கேட்டர்ஸ்கின், 700க்கு 28 அளவு (அகலம் 28 மில்லிமீட்டர்), இரண்டு வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து ஏழாயிரத்தை ஒட்டி ஆனது. என் ஸ்கூட்டர் டயரை விட அதிகம். வாங்கும்போது கை தயங்கியது உண்மை.

ரோட்டில் உருளும் ரப்பருக்குக் கீழே, நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் இழை அடுக்கு ஒன்று இதில் இருக்கிறது. பாலிஎக்ஸ் பிரேக்கர் என்று பெயர். கம்பியும் கண்ணாடியும் ரப்பரைத் தாண்டி வந்தாலும் இந்த நெசவு பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கவாட்டில் டியூராஸ்கின் என்ற துணி வலை. டயரின் பக்கம் பழுப்பாகத் தெரிவது அதனால்தான். வழக்கமாக ரோடு டயர்களில் பக்கவாட்டுதான் காகிதம் மாதிரி இருக்கும். தார் பெயர்ந்து கல் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளில் உரசி உரசி ஓட்டுகிற நமக்கு இந்த வலை பெரிய நிம்மதி.

14 மாதத்தில் கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பாதி ஈசிஆர், மீதி வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையும் துரைப்பாக்கம் ரேடியல் ரோடும். வந்த பஞ்சர் இரண்டு. ஒன்று இரண்டு அங்குல ஆணி. அதை எந்தச் சைக்கிள் டயராலும் நிறுத்த முடியாது. இன்னொன்று கம்பி, அதுவும் அடைமழைக்கு மறுநாள். டைரியில் பழைய 11ஐப் பார்த்தாலும் ஆறு ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வந்திருக்கிறது. ஓடுகிற தண்ணீர் குப்பையை எல்லாம் ஓரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஈரமான ரப்பரைக் கண்ணாடி சுலபமாக அறுக்கிறது. ஈரத்தில் துண்டுகள் டயரில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கவும் செய்கின்றன. மழை நாளில் வீடு திரும்பியதும் டயரைத் துடைத்து, டார்ச் அடித்து, வெட்டுக்குள் சிக்கிய சில்லுகளைக் குண்டூசியால் நோண்டி எடுக்கிறேன். பத்து நிமிட வேலை. கடந்த மழைக்காலத்தில் இப்படி எடுத்துப் போட்டதை ஒரு பிலிம் டப்பாவில் சேர்த்து வைத்தேன். பாதி டப்பா நிறைந்தது. எதுவும் டியூப் வரை போகவில்லை.

ஓட்டுவதற்கு எப்படி? இப்படிக் கெட்டியாகச் செய்த எந்த டயரும் பந்தய டயர் அளவுக்கு இளக்கமாக ஓடாது. வேகம் முக்கியம் என்றால் அதே கம்பெனியின் கிராண்ட் பிரி 5000 பக்கம் போகலாம். அதிலும் வெக்ட்ரான் என்ற இழையால் ஆன தடுப்பு உண்டு, ஆனால் மேல் ரப்பர் மெல்லியது. நெடுந்தூரம் சுமையோடு போகிற நண்பர் ஒருவர் ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் போட்டிருக்கிறார். அதில் தடுப்பு மட்டுமே 5 மில்லிமீட்டர் தடிமன். முள் காட்டில்கூட ஓட்டலாம், ஆனால் கனம். நான் நடுவில் நிற்க விரும்பினேன். நீண்ட நாள் உழைக்கும் கெட்டி ரப்பருக்கு ஈரத்தில் பிடிப்பு குறையும் என்பதால், மழையில் வளைவுகளிலும் ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடுகளிலும் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

25லிருந்து 28க்குப் போனதில் கிடைத்த சுகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என் எடை 62 கிலோ. முன்னால் 70, பின்னால் 75 பிஎஸ்ஐ வைக்கிறேன். பாலங்களின் இணைப்புப் பட்டைகளில் முன்பு மணிக்கட்டு வரை அதிரும், இப்போது இல்லை. அப்பா இதைக் கேட்டுவிட்டு, அவர் அம்பத்தூர் வேலைக்குப் போன ஹெர்குலிஸில் ஒன்றரை அங்குல டயர் இருந்தது, வருடத்துக்கு ஒரு பஞ்சர் வந்தால் அதிகம் என்றார். அகலமான டயருக்குக் காற்று குறைவாகவே போதும், நசுங்க இடமும் இருக்கும். அவர் சொன்னது சரிதான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பழைய ரோடு சைக்கிள்களில் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் 28க்கு இடம் இருக்காது. அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். வால்வையும் பாருங்கள். ரோடு சைக்கிள் டியூபில் பெரும்பாலும் பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு, தெருக் கடைக் கம்ப்ரசரின் வாய் அதற்குப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டுக்கொண்டால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம்.

டயர் வாங்குமுன், டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் லைனர் பட்டையும் முயற்சி செய்தேன். கம்பியைத் தடுத்தது, ஆனால் அதன் முனை உரசி உரசி டியூப் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் இவ்வளவு அழுத்தத்தில் எனக்குச் சரியாக அடைக்கவில்லை, வால்வும் பிசுபிசுத்துப் போயிற்று. இரண்டையும் விட்டுவிட்டேன்.

பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. உடல் எடையும் மிதியின் விசையும் அதன் மேல்தான் விழுகின்றன. பொங்கலுக்கு முன்பு ஒரு டயர் மட்டும் வாங்குவேன், இதே 28தான். புதியதை முன்னால் போட்டு, இப்போது முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றிவிடுவேன். பின் சக்கரத்தில் திடீரென்று காற்று போனாலும் பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். முன் சக்கரத்தில் போனால் அப்படியே கீழே விழ வேண்டியதுதான்.