கரும்பலகையா, ஸ்லைடா?

கணக்கு வகுப்பென்றால் என் ஓட்டு கரும்பலகைக்குத்தான். சமன்பாட்டை வரி வரியாக எழுதும்போது ஆசிரியரின் கையும் மாணவரின் பேனாவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடும், நடுவில் குறி தப்பினால் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது "சார், அது மைனஸ்" என்பார்கள், அழித்துத் திருத்தும் அந்த அரை நிமிடத்தில்தான் பாதிப் பேருக்குப் பாடமே புரியும். ஸ்லைடில் விடை முழுசாக வந்து நிற்கும், எழுதிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

ஆனால் இதய வால்வு திறந்து மூடுவதைச் சாக்பீஸால் எத்தனை தடவை வரைந்தாலும் அது அசையாதே! அங்கே 10 நொடி அனிமேஷன் போதும். அதற்காக ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிப்பதெல்லாம் பாடம் நடத்துவதில் சேராது.

லீவு போட்டவருக்கு ஸ்லைடு கோப்பு வரம். பலகையையும் போனில் படம் பிடிக்கலாம், சரி, முன்னால் இருப்பவர் தலை மறைக்காவிட்டால்.