ஏரிக்கரை ஏக்கின்ஸா, கடற்கரை பஜாமாவா?

வெட்டவெளியில் உடையில்லாமல் பொழுதுபோக்கும் ஆண்களைக் காட்டும் பழைய புகைப்படங்களில், இரண்டு தொகுப்புகளை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். இரண்டுமே அமெரிக்காவில் எடுத்தவை. முதலாவது, 1880களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியா ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸ் தன் மாணவர்களோடு எடுத்தது. இரண்டாவது, 1937 முதல் சுமார் இருபது ஆண்டுகள் பால் கேட்மஸ், ஜாரெட் ஃப்ரெஞ்ச், மார்கரெட் ஃப்ரெஞ்ச் என்ற மூன்று ஓவியர்கள் கடற்கரைகளில் எடுத்தது. மூவர் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் 'பஜாமா' (PaJaMa). அதுதான் இவர்களின் கூட்டுப் பெயர்.

ஏக்கின்ஸின் படங்களில் விளையாட்டு இருக்கிறது. குத்துச்சண்டை, மல்லுக்கட்டு, தரையில் உட்கார்ந்தபடியே கயிறு இழுப்பு. அந்தக் கயிறு இழுக்கும் படத்தில் கேமரா இருப்பதையே மறந்துவிட்டார்கள் போலிருக்கும். இந்த இயல்பு பஜாமாவிடம் கிடையாது. ஆனால் ஏக்கின்ஸுக்குப் புகைப்படம் ஒரு கருவிதான். உடற்கூறு தெரியாமல் தூரிகை எடுக்கக் கூடாது என்று நம்பிய ஆசிரியர் அவர். ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே இருந்த டவ் ஏரியில் எடுத்த படங்களின் துணையோடு 1885இல் 'நீச்சல்' ஓவியத்தை முடித்தார். ஓவியத்தின் வலது மூலையில் அவரும் நீந்துகிறார், பக்கத்தில் அவருடைய நாய். அதை வரையச் சொன்னவர், ஏக்கின்ஸ் பாடம் நடத்திய பென்சில்வேனியா கலைக்கழகத்தின் நிர்வாகி கோட்ஸ்; அவரே அதை வேண்டாமென்று வேறு ஓவியம் வாங்கிக்கொண்டார். மறு ஆண்டே, பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் கோவணத்தை அவிழ்த்த விவகாரத்தில் ஏக்கின்ஸின் ஆசிரியர் வேலையும் போயிற்று.

பஜாமா வேறு ரகம். பகலெல்லாம் ஓவியம், சாயங்கால வெயில் சாய்ந்ததும் மார்கரெட்டின் லைக்கா கேமராவோடு நியூயார்க் பக்கத்து ஃபயர் தீவு மணலுக்கு. கரை ஒதுங்கிய மரக்கட்டை, நீளமான நிழல்கள், ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் நிற்கும் உடல்கள். எல்லாம் யோசித்து நிறுத்தியவை, நாடக மேடை மாதிரி. நிர்வாணப் படங்களைத் தபாலில் அனுப்பினாலே வழக்கு வரக்கூடிய காலம் அது. பிரதிகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு பஜாமாதான். கயிறு இழுப்பின் உயிர்த்துடிப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் இங்கே ஆசிரியர், மாணவர் என்ற மேல் கீழ் இல்லை. கேமரா கை மாறிக்கொண்டே இருக்கும்; இந்தப் படத்தை எடுத்தவர் அடுத்த படத்தில் மணலில் படுத்திருப்பார். கேட்மஸும் ஜாரெட்டும் காதலர்கள், ஜாரெட்டும் மார்கரெட்டும் கணவன் மனைவி. இதை மனதில் வைத்துக்கொண்டு, மூவரும் ஒரே சட்டகத்தில் தள்ளித் தள்ளி நிற்கும் படத்தைப் பாருங்கள். அந்த இடைவெளியில்தான் என் கண் போய் நிற்கிறது.