ஐப்பசியில் நட எது ஏற்றது: கிளாடியோலஸா, நிலச்சம்பங்கியா?

புரட்டாசி பாதி கடந்ததும் இணையக் கடைகளில் பூங்கிழங்கு விற்பனை களைகட்டிவிடுகிறது. துலிப், டாஃபோடில், ஹயசிந்த் என்று வரிசையாக வரும் படங்களைச் சென்னைக்காரர்கள் தயங்காமல் கடந்துவிடலாம். துலிப் கிழங்கில் பூந்தண்டு சரியாக நீள வேண்டுமானால் அதற்கு ஏறக்குறைய ஒன்பது டிகிரிக்கும் குறைந்த குளிர் 12 முதல் 16 வாரங்கள் கிடைத்தாக வேண்டும். நமக்கோ தை மாத விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. இங்கே உண்மையான போட்டி கிளாடியோலஸுக்கும் நிலச்சம்பங்கிக்கும் இடையில்தான். இரண்டையும் மடிப்பாக்கத்தில், வீட்டு முன்புறத்துச் சிறு மண்தரையிலும் மொட்டைமாடியிலும் நான்கு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்துவிட்டு, இப்போது சம்பங்கியோடு நின்றுவிட்டேன். ஆகையால் இதை நடுநிலையான அலசலாக எவரும் கொள்ள வேண்டாம்.

அழகைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று வண்ணம் வேண்டுவோருக்குக் கிளாடியோலஸ். வெட்டிச் சாடியில் வைத்தால் கீழிருந்து ஒவ்வொன்றாக மலர்ந்து ஒரு வாரம் நிற்கும், ஆனால் மணம் கிடையாது. சம்பங்கி பெரும்பாலும் வெள்ளைதான். பொழுது சாய்ந்த பிறகு அதன் மணம் மாடிப்படி வரை இறங்கி வரும். மூடிய படுக்கையறையில் வைத்தால் சிலருக்குத் தலை வலிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமி படத்துக்கும் மாலைக்கும் ஒற்றை அடுக்கு, சாடிக்கு இரட்டை அடுக்கு. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ரகங்களில் பிரஜ்வல் ஒற்றை அடுக்கையும், சுவாசினி இரட்டை அடுக்கையும் சேர்ந்தவை. கடையில் சம்பங்கி என்று மட்டும் கேட்டால் கொடிச்சம்பங்கியைக் கையில் கொடுத்துவிடுவதும் உண்டு. நிலச்சம்பங்கிக் கிழங்கு என்று விளங்கக் கேட்பது நல்லது.

மழையில் இரண்டும் எப்படித் தாங்குகின்றன என்பதில் எனக்குக் கிடைத்த அனுபவம் ஒன்றுதான், அதுவும் முழுமையானது என்று சொல்ல முடியாது. 2023 ஐப்பசிக் கடைசியில் தரையில் இருபது கிளாடியோலஸ் கிழங்குகளை நட்டேன். சாண் உயரத்துக்குத் தளிர் விட்டிருந்த நேரத்தில், டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் பகுதி களிமண். பாத்தியில் மூன்று நாள் நீர் நின்றது. வடிந்த பிறகு ஒரு தளிரைப் பிடித்து இழுத்தேன், அது மட்டும் கையோடு வந்தது. மண்ணைக் கிளறி எடுத்த கிழங்கை விரலால் அழுத்தியபோது அளிந்த வெங்காயத்தைப்போலத் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது, நாற்றமும் அதேதான். அதே பாத்தியின் மறுகோடியில் இருந்த சம்பங்கியும் மஞ்சளித்துப்போனது, ஆனால் தை பிறப்பதற்குள் புது இலை விட்டுவிட்டது. சம்பங்கியை ஆடியிலேயே நட்டிருந்ததால் அது நன்றாக வேர் பிடித்திருந்தது என்பதையும் கணக்கில் கொண்டால், இதைச் சமமான போட்டி என்று கூறிவிட இயலாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடங்களில் கிளாடியோலஸ் இதைவிட நன்றாகவே தாங்கக்கூடும்.

என் முடிவைத் தீர்மானித்தது மழைகூட இல்லை. பூத்து முடிந்த பிறகு கிழங்கை என்ன செய்வது என்ற கேள்விதான். ஐப்பசியில் நட்ட கிளாடியோலஸ் தையில் பூக்கிறது. தண்டை வெட்டியபின் இலைகளைத் தொடாமல் விட்டு, அவை பழுத்ததும் பங்குனியில் தோண்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, அடியில் சுருங்கிக் கிடக்கும் பழைய கிழங்கைத் திருகி நீக்கிவிட்டு, அதன்மேல் உருவான புதுக் கிழங்கைச் சேமிக்க வேண்டும். பக்கத்தில் மணிமணியாக ஒட்டியிருக்கும் குட்டிக் கிழங்குகள் பூக்க மேலும் இரண்டு, மூன்று பருவங்கள் ஆகும். சேமித்த பெரிய கிழங்கின் உறக்கம் கலைந்து அடுத்த முறை ஒரே சீராக முளைக்க, நான்கைந்து டிகிரிக் குளிரில் மூன்று மாதமளவு வைத்திருப்பது வழக்கம். இத்தனையும் அக்கினி நட்சத்திரம் உள்ளிட்ட கோடை முழுவதும் நடந்தாக வேண்டும். சென்னை வீட்டில் அதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டை விட்டால் வேறு இடமில்லை. முதலாண்டில் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்ததால் பாதிக் கிழங்குகளில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு காகிதப் பைக்கு மாறினேன். என் தாயார் அதைச் சேப்பங்கிழங்கு என்று எண்ணி வேகவைக்க எடுத்த பிறகுதான் பையின்மேல் பெயர் எழுதும் வழக்கம் வந்தது. ஆண்டுதோறும் புதுக் கிழங்கு வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். வாங்கலாம்; ஆனால் அது ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்யும் செலவு.

சம்பங்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. உழவர்கள் ஒரு முறை நட்டு, இரண்டு மறுதாம்புகளும் (அதே தூரிலிருந்து மீண்டும் வரும் விளைச்சல்) எடுத்து, மூன்றாண்டுவரை அதே நிலத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு முறை பூத்த கிழங்கு மீண்டும் பூப்பதில்லை என்றாலும், அதைச் சுற்றிப் பக்கக் கிழங்குகள் கிளைத்துக்கொண்டே இருப்பதால் தூர் ஓய்வதில்லை. தண்டை அடியோடு வெட்டி, மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டு, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்றாம் ஆண்டில் தூர் நெருக்கிக்கொண்டு தண்டு குட்டையாகும்போதுதான் தோண்டிப் பிரிக்க வேண்டியிருக்கும். ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டால் அப்படியே மறுபடி நட்டுவிடலாம். குறை என்று பார்த்தால் வேர்முடிச்சு நூற்புழு. பழைய தூரின் வேரில் கடுகளவு முடிச்சுகள் தென்பட்டால், அந்த மண்ணில் திரும்பச் சம்பங்கியை நடாமல், துலுக்கச் சாமந்தி வைப்பது நல்லது.

மழை லில்லியும் ஒரு முறை நட்டால் போதும் என்ற வகைதான், எனினும் அதன் பூ ஓரிரு நாளில் வாடிவிடும். செங்காந்தளைக் குழந்தைகளும் நாயும் உள்ள வீட்டில் வைக்க எனக்குத் துணிவில்லை. அதன் கிழங்கு நஞ்சு.

சம்பங்கியிலும் காலம் பார்க்க வேண்டும். அதை நடுவதற்கு உகந்தது ஆனி, ஆடி. அப்போது நட்டால் 80 முதல் 95 நாளில், அதாவது ஐப்பசி வாக்கில், முதல் தண்டு எழும். ஐப்பசியில்தான் கிழங்கு கைக்கு வந்தது என்றால், அடைமழையில் தரையில் நடாமல், செம்மண்ணும் மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த பைகளில், மழை நேரடியாக விழாத மாடி ஓரத்தில் நடலாம். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கை ஓர் அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டியதில்லை. இலை வரும்வரை நீரைக் குறைத்துத் தெளித்து, மழை ஓய்ந்த மார்கழியில் பைகளை முழு வெயிலுக்கு நகர்த்திவிட வேண்டும். நான் இப்படி ஒரே ஓர் ஆண்டுதான் செய்தேன். பன்னிரண்டில் பத்து முளைத்தன. முதல் தண்டு வரப் பங்குனி ஆகிவிட்டது.