சிகரெட்டை நிறுத்த மாத்திரை தருகிறோம் என்றால், முதலில் மாத்திரையின் பெயரைக் கேளுங்கள்

'21 நாளில் சிகரெட்டை விடலாம், கியாரண்டி' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு போன் போடப் போகிறவர்கள், போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நடந்தது சென்னையில். புகார் போயிருப்பதால் கிளினிக்கின் பெயரை இங்கே போடவில்லை. மருந்தைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை, மருந்து நல்ல மருந்துதான், அதை விற்ற விதம்தான் வயிற்றெரிச்சல்.

நானும் அலுவலக நண்பர் ஒருவரும் சேர்ந்தே போனோம். டை கட்டிய ஒருவர் தன்னை கவுன்சலர் என்று சொல்லிக்கொண்டு முழு நேரமும் அவரே பேசினார். மருத்துவர் என்று ஒருவர் வந்து பிரஷர் பார்த்தார், போய்விட்டார். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார்களே தவிர, சிறுநீரகத்தில் கோளாறு உண்டா, வலிப்பு வந்திருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. முழுப் பணமும் முன்கூட்டியே. மருந்துச் சீட்டு கேட்டதற்கு, "அது எங்க ஃபைல்ல இருக்கும் சார், இது எங்க ஃபார்முலா, வெளிக்கடைல கிடைக்காது" என்றார்கள்.

கையில் கொடுத்தது ஒரு ஜிப் கவர். அதில் இரண்டு விதமான மாத்திரைகள், அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற ஓரத்தையெல்லாம் கத்தரித்து எடுத்துவிட்டு. கவர் மேல் பேனாவால் 'காலை', 'இரவு'. அவ்வளவுதான். "இன்னையிலிருந்தே சிகரெட்டைத் தொடாதீங்க, எழுந்ததும் மாத்திரையைப் போட்டுடுங்க" என்பதுதான் மொத்த ஆலோசனையும்.

வெறும் வயிற்றில் போட்டுவிட்டு பஸ் ஏறினால் என்ன ஆகும்? குமட்டி, பாதி வழியில் இறங்கி வாந்தி. இரவில் தூக்கம் வரவில்லை, வந்தால் சினிமா மாதிரி கலர் கலராகக் கனவு. போன் செய்தால், "உடம்பிலிருந்து நிக்கோட்டின் வெளியேறுது சார், நல்ல அறிகுறி" என்கிறார் ரிசப்ஷன் பெண். மறுபடி கூப்பிட்டபோது, "தாங்கலைன்னா பாதியா உடைச்சுப் போடுங்க" என்றார். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எங்கள் தெரு முனை மருந்துக்கடை அண்ணன்தான் குட்டை உடைத்தார். வெட்டிய துண்டுகளில் தப்பியிருந்த சில எழுத்துகளைச் சேர்த்துப் படித்து, தன் கடை மாத்திரையோடு ஒப்பிட்டும் பார்த்து, "ஒண்ணு வரெனிக்லின், இன்னொண்ணு பியூப்ரோபியான் எஸ்.ஆர். தம்பி, ரெண்டும் சீட்டு இருந்தா எங்க வேணா வாங்கலாம்" என்றார். இதைத்தான் 'எங்க ஃபார்முலா' என்று ஊறுகாய் ரகசியம் போல மூடி வைத்திருந்தார்கள்.

அப்புறம் அரசு மருத்துவமனையின் புகையிலை நிறுத்த மையத்துக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் அம்மா கவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். வரெனிக்லினை வழக்கமாக அரை மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள்: முதல் 3 நாள் தினம் ஒன்று, அடுத்த 4 நாள் தினம் இரண்டு, அதற்குப் பிறகுதான் 1 மில்லிகிராம் இரண்டு வேளை. சிகரெட்டை நிறுத்தும் தேதியைக் குறித்துக்கொண்டு, பொதுவாக அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மாத்திரையைத் தொடங்குவார்கள். அந்த ஒரு வாரம் புகைத்துக்கொண்டிருக்கலாம். மூளையில் நிக்கோட்டின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொண்டு, ஏக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும், சிகரெட்டின் சுகத்தையும் மழுங்கடிக்கும். சாப்பிட்ட பிறகு ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும். முழுச் சிகிச்சை 12 வாரம், அதுவும் எல்லாருக்கும் பலிக்கும் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார். அப்படியிருக்க 21 நாள் கியாரண்டி எங்கிருந்து வந்தது? எனக்கு முதல் நாளிலிருந்தே முழு அளவு, அதுவும் எழுந்ததும்.

நண்பரின் கதை இன்னும் மோசம். அவருக்கு வலிப்பு வந்த வரலாறு உண்டு. பியூப்ரோபியான் வலிப்பைத் தூண்டக்கூடியது, வலிப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. போதாததற்கு எஸ்.ஆர். என்றால் மருந்தை மெதுவாக விடுகிற மாத்திரை, உடைத்துப் போட்டால் மொத்தமும் சட்டென்று உள்ளே இறங்கும். ரிசப்ஷன் பெண் சொன்ன 'பாதியா உடைச்சுப் போடுங்க' இதற்கும் சேர்த்துத்தான். நல்லவேளை, அவர் உடைக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. எங்கள் இருவர் கவரிலும் ஒரே மாத்திரைகள்தான் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

நேரில் போய்க் கேட்டபோது கவுன்சலர் சொன்ன சமாதானம் அதைவிட அழகு. "இதைச் சாப்பிட்டா தற்கொலை எண்ணம் வரும்னு நெட்ல போட்டிருக்கான், பயந்துடுவீங்கன்னுதான் பேரைச் சொல்லல." அமெரிக்காவில் 2009இல் மருந்துத் தாளில் கட்டம் போட்டு அப்படி ஒரு கடும் எச்சரிக்கை வைத்தது உண்மை. ஆனால் சுமார் 8,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2016இல் வந்தது, அந்த ஆபத்து பயந்த அளவுக்கு இல்லை என்று தெரிந்து அதே ஆண்டில் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். மனநிலையில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று மருத்துவர்கள் இப்போதும் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பெயரையே மறைத்துவிட்டால் நோயாளி எதைப் பார்த்துக்கொள்வது, யாரிடம் சொல்வது?

பணம் திரும்ப வராதாம், பேக்கேஜாம். பில் கேட்டால் மழுப்பல், ஜிபே போனதும் ஒரு தனிநபர் கணக்குக்கு. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

சிகரெட்டை விட நினைக்கிறவர்கள் 1800-11-2356க்குப் பேசுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற எண்தான், இலவசம், தமிழிலும் பேசலாம். மாத்திரையும் அளவும் உங்களைச் சோதித்த மருத்துவர் சீட்டில் எழுதித் தருவதாக இருக்கட்டும். இதே மாதிரி ஜிப் கவர் ஏற்கெனவே யார் வீட்டிலாவது இருந்தால், மாத்திரையைத் தொடராமல் உடனே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். கவரையும் வெட்டிய அட்டைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டோடு பத்திரமாக வையுங்கள். புகாருக்கு அவைதான் சாட்சி.