சித்தப்பாவின் செம்பு மெஷினா, கையில் தூக்கும் இன்வெர்டரா?

போன வருடம் வீட்டுக்குப் பின்னால் தகர ஷீட் போட்டு ஒரு வெல்டிங் பட்டறை வைத்தேன். பட்டறை என்பது கொஞ்சம் பெரிய பேச்சு. ஒரு மேஜை, பெஞ்ச் வைஸ், நாலு இன்ச் கிரைண்டர், ஒரு வெல்டிங் மெஷின், அவ்வளவுதான். ஜன்னல் கிரில், பூந்தொட்டி ஸ்டாண்டு, துருப்பிடித்த கேட்டுக்கு ஒட்டு என்று எல்லாம் வீட்டு வேலை. மற்றதெல்லாம் ஒரே வாரத்தில் வாங்கியாகிவிட்டது. எந்த மெஷின் என்பதில் மட்டும் மூன்று மாதம் போனது.

திருவெறும்பூரில் குடியிருப்பவனுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பெல் ஆலையும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற ஊர். தெருவுக்கு ஒரு வெல்டர், வெல்டருக்கு இரண்டு கருத்து. என் சித்தப்பா துவாக்குடியில் முப்பது வருடம் ஃபேப்ரிகேஷன் பார்த்தவர். "காசு கொடுத்து எதுக்குடா அந்த டிபன் பாக்ஸை வாங்குற? என் ஷெட்டுல பழசு ஒண்ணு சும்மாதான் கிடக்கு, தூக்கிட்டுப் போ" என்றார். செம்பு காயில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின். நாலு பேர் பிடித்துக் குட்டி யானையில் ஏற்றினோம். அவர் டிபன் பாக்ஸ் என்று சொன்னது இன்வெர்டர் வெல்டிங் மெஷினை (கரண்ட் போனால் ஓடும் பேட்டரி இன்வெர்டர் இல்லை). ஆறேழு கிலோதான், கைப்பிடி பிடித்து மாடிக்குக் கொண்டுபோகலாம். எடை, இட அடைப்பு எல்லாம் பார்த்தாலே தெரிகிற விஷயம், அதைப் பேசி என்ன ஆகப்போகிறது.

என் முடிவை மாற்றியது வீட்டு லைன்.

சித்தப்பாவின் மெஷினை 16 ஆம்ப்ஸ் பிளக்கில் மாட்டி, 12 நம்பர் வெல்டிங் ராடு (2.5 எம்.எம்.) போட்டு ஆரம்பித்தேன். ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) விழுந்ததும் வீட்டுக்குள்ளே ட்யூப் லைட் மங்கியது. இரண்டாவது ராடு பாதி எரிவதற்குள் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் ஸ்விட்ச்) விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. "ஃபிரிட்ஜ் ஒரு மாதிரி உறுமுதுப்பா" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். பிளக்கை உருவினால் பின் விரலைச் சுட்டது.

மறுநாள், வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் கடன் வாங்கி அளந்தேன். ராடில் சுமார் 80 ஆம்ப்ஸ் ஓடும்போது வீட்டு வயரில் 26. கணக்கும் அப்படித்தான் வரும். இந்த மெஷினில் ராடை இரும்பில் தொடுவதற்கு முன்னால் 70 வோல்ட் இருக்கும். ஆர்க் பிடித்ததும் அது 23 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் காயில் சுற்றுகளின் விகிதக் கணக்கில் ஓடுவது. அதனால் ஆர்க் தின்பது 23 வோல்ட் ஆனாலும் லைனிலிருந்து 70-க்கான ஆம்பியரை இழுக்கும். 80-ஐ 70-ஆல் பெருக்கி 230-ஆல் வகுத்தால் 24. காயிலே எடுத்துக்கொள்வது அதற்கு மேல். கரண்ட் பில் அதே விகிதத்தில் ஏறாது, ஏனென்றால் மீட்டர் எண்ணுவது வாட். வயரும் எம்.சி.பி.யும் சுமப்பதோ ஆம்பியர்.

இதில் மெஷின் மேல் குற்றமில்லை. சித்தப்பா ஷெட்டில் அதை இரண்டு ஃபேஸில், 415 வோல்ட்டில் ஓட்டிவந்தார். வகுக்கிற எண் பெரிதானால் விடை சிறியதாகும், அங்கே அதே ராடுக்கு 14 ஆம்ப்ஸ் சொச்சம் போதும். முப்பது வருடமாக அவருக்கு இந்தத் தலைவலி வராததில் ஆச்சரியமில்லை.

இன்வெர்டர் வேறு வழியில் வேலை செய்கிறது. வருகிற ஏ.சி.யை முதலில் டி.சி. ஆக்கி, வினாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி, உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்புகிறது. ஆர்க் கேட்பதற்கு மேல் கொஞ்சம்தான் இழுக்கும். அதே ராடு, அதே 80-க்கு கிளாம்ப் மீட்டரில் 14 ஆம்ப்ஸை ஒட்டி நின்றது. ட்யூப் லைட் லேசாகக் கண் சிமிட்டியதோடு சரி. எட்டாயிரத்துக்குள் முடிந்தது, வாங்கிவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. மேலே 200 ஆம்ப்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அந்த 200-ஐ நிஜமாகவே எடுத்தால் லைனில் 40 ஆம்ப்ஸ் வேண்டும், வீட்டில் அதற்கு வழி இல்லை. வீட்டு லைனை வைத்துப் பார்த்தால் 12 நம்பர் ராடு நிம்மதியாக ஓடும், அதைவிடத் தடிமனான 10 நம்பர் இழுத்துப் பிடித்து ஓடும். நான் மீட்டர் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். வயர் தனியாக இழுத்து, ஏ.சி.க்குப் போடும் 20 ஆம்ப்ஸ் மெட்டல் பிளக்கும் சட்டென்று ஏறும் கரண்டைக் கொஞ்சம் தாங்கும் சி டைப் எம்.சி.பி.யும் வைத்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிசான வயரில் ஓட்டவே கூடாது. அதிலும் வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டினால் நடுச்சுற்று உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மெல்லிய பைப்பிலும் இன்வெர்டர் கைகொடுக்கிறது. கிரில் வேலைக்கு வருவது பெரும்பாலும் 18 கேஜ் சதுரப் பைப், 1.2 எம்.எம். கனம். டிரான்ஸ்ஃபார்மரில் ஆம்ப்ஸைக் குறைத்தால் ஆர்க் அறுந்துபோகும், கூட்டினால் ஓட்டை விழும். இதில் 50-க்கும் கீழே இறக்கி, ஹோல்டரை நெகட்டிவில் மாற்றி, விட்டுவிட்டு டாக் (சின்னப் புள்ளி ஒட்டு) போட்டால் என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கும் ஒட்டு நிற்கிறது. ஜி.ஐ. பைப் என்றால் ஒட்டுகிற இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் நன்றாக எடுத்துவிட்டு அடிக்கவும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்துவிடும்.

ரிப்பேர் பேச்சு வந்தால் சித்தப்பா கட்சி ஜெயிக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் கெடுவதற்கு இருப்பதே காயிலும் கனெக்‌ஷனும்தான், ரீவைண்டிங் தெரிந்தவர் சரிசெய்துவிடுவார். ஓடாமல் போனாலும் உள்ளே இருக்கும் செம்பை எடைக்குப் போடலாம். ஓடாமல் போன இன்வெர்டர் வெறும் தகரப் பெட்டி. போர்டு போனால் பாதி விலை கேட்கிறார்கள் என்கிறார் பக்கத்துத் தெரு வெல்டர். என்னுடையது வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் அதிகம். அதனால் உழைப்பைப் பற்றிச் சத்தியம் செய்ய மாட்டேன். கிரைண்டர் தூள் ஃபேன் வழியாக உள்ளே போய் போர்டில் படிவதுதான் இதற்கு எமன் என்பதால், கிரைண்டிங்குக்கு எதிர் மூலையில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பிளக்கை உருவி, பத்து நிமிடம் விட்டு ஏர் அடிக்கிறேன். கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், உடனே மூடியைக் கழற்றிக் கையை விட வேண்டாம்.

கேஸ் இல்லாத மிக் மெஷின் (ராடுக்குப் பதில் சுருளிலிருந்து வயர் தானாக வருவது) பற்றியும் கேட்பார்கள். நண்பர் ஒருவருடையதில் ஒரு மதியம் ஓட்டிப் பார்த்ததோடு சரி. கை பழகாதவருக்கு அதுதான் சுலபம், ராடு ஒட்டிக்கொள்கிற தொல்லை இல்லை. ஆனால் அதற்குப் போடும் ஃப்ளக்ஸ் வயர் விலை அதிகம், எங்கள் தெரு ஹார்டுவேர் கடையில் கிடைப்பதும் இல்லை. சாதாரண இரும்புக்குப் போடும் 6013 ராடு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சித்தப்பா மெஷினைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். த்ரீ ஃபேஸ் இணைப்பு வைத்து, நாள் முழுக்கக் கூலிக்கு வெல்டிங் அடிப்பவனாக இருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். கேட் தூணின் 8 எம்.எம். பேஸ் பிளேட்டை அங்கே எடுத்துப்போய்த்தான் அடித்தேன். இன்னும் தடிமனான 8 நம்பர் ராடு போட்டு அவரே முடித்துக் கொடுத்துவிட்டு, "டிபன் பாக்ஸ் எங்கடா?" என்று கேட்டார்.