பிளீச்பிட்: அழித்தால் திரும்பி வருமா?

கணினித் துப்புரவு மென்பொருளைத் திறந்ததும் கண்ணில் படும் கட்டங்கள் அனைத்திலும் குறியிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். என் தங்கை மகள் பள்ளியில் படித்தபோது அரசிடமிருந்து பெற்ற விலையில்லா மடிக்கணினி மிகவும் தளர்ந்துவிட்டதென்று, சென்ற ஆண்டு பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவரும் இதைத்தான் செய்திருக்கிறார். கணினி வீடு திரும்பியபோது அதன் வேகம் கூடியிருக்கவில்லை. ஆனால் உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, மேற்படிப்பு விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்து டவுன்லோட்ஸ் அடைவில் வைத்திருந்த சான்றிதழ்ப் படங்களும் இல்லை. இத்தகைய மென்பொருள்களில் ஒவ்வொரு கட்டமும் உண்மையில் எதை அழிக்கிறது என்பதை ஒருமுறையாவது பொறுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்காக நான் எடுத்துக்கொண்டது பிளீச்பிட்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. துப்புரவு மென்பொருள் நிர்வாகி உரிமையோடு இயங்குவது. கணினியின் எந்த அறையையும் திறந்து எதையும் எடுத்தெறியக்கூடியது. அப்படிப்பட்ட ஒன்றை யார் எழுதினார்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியம். இந்தத் துறையில் மிகவும் புகழ்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்பு, 2017 ஆகஸ்டில் தீநிரல் நுழைக்கப்பட்ட நிலையில் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே விநியோகமானது. செப்டம்பரில் சிஸ்கோவின் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவான டாலோஸ் அதை வெளிப்படுத்தியபோது, சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அந்தப் பதிப்பு இருந்ததாகச் சிகிளீனரின் நிறுவனமே தெரிவித்தது. பிளீச்பிட் 2008இல் ஆண்ட்ரூ சீம் என்பவர் தொடங்கிய திறமூல மென்பொருள். ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளிவருகிறது, விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குகிறது, கட்டணமோ விளம்பரமோ கிடையாது. திறமூலம் என்பதாலேயே ஒன்று பழுதற்றதாகிவிடாது என்றாலும், ஒவ்வொரு விருப்பமும் எந்தக் கோப்பைத் தேடிப் போகிறது என்பதை விரும்பியவர் நிரலிலேயே படித்துப் பார்க்க முடிகிறது. நான் பாதியையாவது அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

திரையின் இடப்புறம் மரம்போல் விரியும் பட்டியல். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், விண்டோஸ், ஆழ்ந்த தேடல் என ஒவ்வொரு தலைப்பின் கீழும் குறியிடும் கட்டங்கள். மேலே இரண்டு பொத்தான்கள்: முன்னோட்டம், துப்புரவு. இந்த மென்பொருளின் மிகச் சிறந்த அம்சம் எதுவென்று கேட்டால் தயங்காமல் முன்னோட்டத்தைச் சொல்வேன். எந்தக் கோப்பு, எந்த அடைவில், எத்தனை எம்பி என்பதை ஒவ்வொரு வரியாகக் காட்டிவிட்டு எதையும் தொடாமல் நிற்கிறது. அபாயமான கட்டத்தில் குறியிட்டால் எச்சரிக்கை ஒன்றும் தோன்றுகிறது. சேமித்த கடவுச்சொற்கள் அழியும் என்றும், இந்த வேலை மெதுவாக நடக்கும் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் அழியப்போகும் பொருள் எனக்குத் தேவையா என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது. எனவே ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே கேள்வியைக் கொண்டு எடைபோட்டேன்: இதை அழித்தால், கணினி தானே இதை மீண்டும் உருவாக்கிக்கொள்ளுமா?

உலாவியின் கேச், அதாவது பக்கங்களை மறுபடி விரைவாகத் திறக்க அது சேமித்து வைக்கும் பிரதிகள், தானே திரும்பி வரும். சிறுபடங்களின் கேச் வரும். விண்டோஸின் பிரீஃபெட்ச் அடைவும் அப்படியே. அடிக்கடி திறக்கும் செயலிகள் தொடங்கும்போது எந்தெந்தக் கோப்புகளைப் படிக்கின்றன என்ற குறிப்பை விண்டோஸ் அங்கே வைத்திருக்கிறது. விண்டோஸ் 8 முதல் அதிகபட்சம் 1024 குறிப்புகள். அதற்குமேல் பழையவற்றை அதுவே கழித்துக்கொள்ளும். அதை அழிப்பதால் கிடைக்கும் இடம் மிகச் சொற்பம். இழப்பது, அடுத்த முறை ஒவ்வொரு செயலியும் திறக்கும்போது கிடைத்திருக்கக்கூடிய சிறு வேகம். கணினியை வேகப்படுத்த பிரீஃபெட்சைக் காலி செய்யுங்கள் என்று இன்றும் அறிவுரை சொல்கிறார்கள், நடப்பதோ அதற்கு நேர்மாறு. தானே திரும்பி வருவதை அழிப்பதில் ஆபத்து இல்லை, ஆனால் நிலையான லாபமும் இல்லை. வட்டில் இடம் நெருக்கடியாக இருக்கும்போது மட்டுமே அது உதவும்.

இந்த வகையில் உண்மையாகவே பயனுள்ள கட்டம் ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்துப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள்: வேக்யூம். உலாவிகள் வரலாறு, குக்கி (நம் உள்நுழைவை நினைவில் வைக்கத் தளங்கள் இடும் சிறு பதிவு) போன்றவற்றை எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்புகளில் வைத்திருக்கின்றன. அவற்றிலிருந்து பதிவுகள் நீங்கினாலும் கோப்பு உடனே சுருங்கிவிடுவதில்லை. உள்ளே வெற்றிடங்கள் தங்கிவிடும். படியில் அளந்த நெல்லைக் குலுக்கி அமிழ்த்துவதுபோல வேக்யூம் அந்த வெற்றிடங்களை நெருக்கிக் கோப்பைப் புதிதாக எழுதுகிறது, உங்கள் தரவில் ஒன்றையும் அழிப்பதில்லை. உலாவியை மூடிவிட்டுச் செய்ய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அடுத்து, ஒருபோதும் திரும்பி வராதவை. கடவுச்சொற்களைச் சொல்லத் தேவையில்லை. குக்கிகளை அழித்தால் மின்னஞ்சல் முதல் வங்கி வரை எல்லாவற்றிலும் மறுபடி உள்நுழைந்து, சிலவற்றில் ஓடிபிக்கும் காத்திருக்க வேண்டும். சிகிளீனரில் விட்டுவைக்க வேண்டிய குக்கிகளைத் தனியாகப் பட்டியலிட்டுக் காப்பாற்ற முடிகிறது. நான் பயன்படுத்திய பிளீச்பிட் பதிப்பில் அந்த வசதி எனக்குத் தென்படவில்லை என்பது ஒரு குறை. நினைவகப் பதிவு என்று மொழிபெயர்க்கத்தக்க மெமரி டம்ப் கோப்புகள் பல நேரம் நூற்றுக்கணக்கான எம்பிக்கு மேல் இருக்கும், அழித்தால் நிறைய இடம் கிடைக்கும். ஆனால் கணினி அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறதென்றால் அந்தக் கோப்புதான் நோயைக் கண்டுபிடிக்க உதவும் சாட்சி. பழுது தீரும்வரை அதைத் தொடக்கூடாது.

ஆழ்ந்த தேடல் என்ற தலைப்பு எனக்கு எப்போதும் சற்று அச்சம் தருவது. மற்றக் கட்டங்கள் குறிப்பிட்ட செயலியின் குறிப்பிட்ட அடைவுக்கு மட்டும் போகின்றன; இதுவோ உங்கள் சொந்த அடைவு முழுவதும் நடந்து, பெயரின் முடிவைப் பார்த்தே குப்பை என்று தீர்மானிக்கிறது. அதிலுள்ள காப்புக் கோப்புகள் என்ற கட்டம் பிஏகே என்ற பின்னொட்டுள்ளவற்றைத் தேடிப் பிடிக்கும். ஆட்டோகேட் பயன்படுத்தும் வரைவாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை வரைபடத்தைச் சேமிக்கும்போதும் முந்தைய வடிவத்தை அந்த மென்பொருள் இதே பின்னொட்டில்தான் ஒதுக்கி வைக்கிறது. மூலக் கோப்பு சிதைந்துபோன நாளில் அந்தக் குப்பைதான் பிழைப்பைக் காப்பாற்றும். தரவுத்தளக் காப்புகளுக்கும் இதே பின்னொட்டை வைப்போர் பலர். முன்னோட்டத்தைப் பார்க்காமல் இந்தக் கட்டத்தைப் பயன்படுத்துவது, இருட்டில் பரண் மேலேறி மூட்டை கட்டி வெளியே எறிவதற்குச் சமம்.

லினக்ஸ் பயன்படுத்தும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. லோக்கலைசேஷன்ஸ் என்ற அந்த விருப்பம், செயலிகளோடு வரும் பிறமொழி இடைமுகக் கோப்புகளை அழித்து இடத்தை மீட்கிறது. இதற்கான அமைப்புப் பக்கத்தில் மொழிகளின் நீண்ட பட்டியல் இருக்கும். குறியிட்ட மொழிகளைத் தவிர மற்றவை அனைத்தும் அழிக்கப்படும் என்பது அங்குள்ள விதி. வழக்கமாகக் குறியிட்ட கட்டம் அழிவதையும் குறியிடாத கட்டம் பிழைப்பதையும் பார்த்துப் பழகிய கை, இங்கே தலைகீழாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கணினியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது மட்டும் தமிழ் இடைமுகத்துக்கு மாறுபவர், தமிழின் எதிரே குறியிட மறந்தால், அந்த மொழிபெயர்ப்புகளைத் திரும்பப் பெற ஒவ்வொரு பொதியையும் மறுபடி நிறுவ வேண்டிவரும். அதே லினக்ஸில் உள்ள நினைவகத் துப்புரவுக் கட்டம், தான் சோதனை நிலையில் இருப்பதாகத் தானே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

விண்டோஸும் செயலிகளும் தம் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளீச்பிட்டில் பொதுவான ரெஜிஸ்ட்ரி துப்புரவு இல்லை. அண்மையில் திறந்த கோப்புகளின் தடம் போன்ற குறிப்பிட்ட பதிவுகளை மட்டுமே நீக்குகிறது. இதைக் குறையாகக் கருதுவோர் உண்டு, நான் நிறையாகவே கருதுகிறேன். ரெஜிஸ்ட்ரி துப்புரவுக் கருவிகளுக்குத் தன் ஆதரவு இல்லை என்பது மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடு. சில கிலோபைட்டுகளை மிச்சப்படுத்தப்போய் ஒரு செயலி திறக்காமல் போனால், அந்த வியாபாரத்தில் யாருக்கு லாபம்?

கடைசியாக, திரும்பி வரவே கூடாது என்று நாமே விரும்பி அழிப்பவை. கோப்பின் மேல் வேறு தரவை எழுதி அழிப்பதும், வட்டின் காலியிடம் முழுவதையும் துடைப்பதும் இவ்வகை. 2016இல் ஹிலாரி கிளின்டனின் மின்னஞ்சல் சர்ச்சையில் பிளீச்பிட்டின் பெயர் அடிபட்டதும் இதனால்தான். அந்தப் புகழைப் படைப்பாளரும் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார் போலும்: அந்த மின்னஞ்சல்களின் நடையில் போலிக் கடிதங்களை உற்பத்தி செய்யும் பதர் என்ற வசதியையும் பின்னாளில் சேர்த்துவிட்டார். உண்மையான மணியைத் தேடுபவருக்குப் பதரைக் குவித்து வைக்கும் யோசனை அது. வீட்டுக் கணினிக்குத் தேவையில்லை.

காலியிடத்தைத் துடைக்கும் முறை எளிது. வட்டு நிரம்பும்வரை ஒரு பெரிய கோப்பை எழுதுகிறது, பின்னர் அதை நீக்கிவிடுகிறது. ஆகவே நடுவில் மின்சாரம் போனாலோ நாம் அவசரப்பட்டு அணைத்தாலோ, அந்தப் பெரிய கோப்பு அப்படியே தங்கி, இடம் கூட வேண்டிய வட்டு நிரம்பி வழிவதாகக் காட்டக்கூடும். வேகத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எத்தனை முறை எழுதுவது என்பதிலும் பெரிய குழப்பம் நிலவுகிறது. சிகிளீனர் 1, 3, 7, 35 என நான்கு எண்ணிக்கைகளைத் தருகிறது. எண் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்று நினைப்பது இயல்பு. அந்த 35, நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து வந்தது; அன்றைய வட்டுகளின் பல்வேறு பதிவுமுறைகள் அனைத்துக்கும் பொருந்துமாறு அவர் வகுத்த வரிசை அது. இன்றைய வட்டுக்கு அத்தனையும் தேவையில்லை என்று பின்னர் அவரே எழுதினார். நொடிக்கு 100 எம்பி எழுதும் 500 ஜிபி வட்டை ஒருமுறை துடைக்கச் சுமார் 83 நிமிடங்கள் ஆகும் என்றால், 35 முறைக்கு இரண்டு நாட்களுக்கும் மேல் ஆகும். பிளீச்பிட் ஒரே ஒருமுறை மட்டும் எழுதுகிறது. சுழலும் வட்டுக்கு அது போதும்.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி வட்டு உள்ள கணினியில் இந்தக் கட்டத்தைத் தொடவே வேண்டாம். தேய்மானத்தைச் சமன்செய்ய அந்த வட்டு, எழுதச் சொன்ன இடத்தில் எழுதாமல் உள்ளுக்குள் வேறிடத்துக்கு மாற்றி எழுதுகிறது. எனவே மேலெழுதியதாக நாம் நம்பும் பழைய தரவு வேறொரு மூலையில் இருக்கலாம், வட்டின் ஆயுள் மட்டும் வீணே குறையும். எந்த இடம் இனித் தேவையில்லை என்று வட்டுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை விண்டோஸ் 7 முதல் தானாகவே செயல்படுவதால், நீக்கிய கோப்புகளின் இடம் வட்டுக்குள்ளேயே காலியாக்கப்படுகிறது. ரகசியம் காக்க வேண்டியவர் முதலிலேயே வட்டைக் குறியாக்கம் செய்துவிடுவது நல்லது. கணினியில் துடைத்தாலும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் ஒரு பிரதி உட்கார்ந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

தங்கை மகளின் மடிக்கணினியில் உலாவிகளின் கேச், வேக்யூம், தற்காலிகக் கோப்புகள் ஆகிய மூன்று வகைக் கட்டங்களில் மட்டுமே குறியிட்டுக் கொடுத்தேன். சில ஜிபி இடம் கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை. சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி பொருத்திய பிறகுதான் அவளுடைய புகார் தீர்ந்தது. கழற்றிய வட்டை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வேறொருவருக்குக் கொடுப்பதற்கு முன், அதிலிருந்த அனைத்தையும் நீக்கிவிட்டு, காலியிடம் துடைக்கும் கட்டத்தை முதன்முறையாக இயக்கினேன். காலைச் சிற்றுண்டிக்குப் பின் தொடங்கியது, மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது முடிந்திருந்தது.